இரட்டை அச்சா, இயந்திரத்தின் இழுப்பா?

நாணயத்தில் ஆண்டோ எழுத்தோ இரண்டாகத் தெரிந்ததுமே ‘டபுள்ட் டை’, அதாவது இரட்டை அச்சு நாணயம், கிடைத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படித் தெரிபவற்றில் பெரும்பாலானவை மெஷின் டபுளிங்தான், அதாவது அடிக்கும்போது இயந்திரத்தில் நேரும் இழுப்பு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் பிறக்கும் இடமே வேறு.

டபுள்ட் டையில் கோளாறு அச்சுக்குள்ளேயே இருக்கிறது. பழைய முறையில் மூல அச்சை வெற்று அச்சின் மேல் ஒரு தடவைக்கு மேல் அழுத்தித்தான் உருவத்தை இறக்குவார்கள். அடுத்த அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தால் இரண்டு உருவங்களும் பதிந்துவிடும். அப்புறம் அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டிப்பு வரும். மெஷின் டபுளிங்கில் அச்சின் உருவத்தில் பழுதில்லை, பிடிமானம்தான் தளர்ந்திருக்கும். அடித்த கையோடு அச்சு லேசாக நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும்.

ஆகவே லூப்பில் (கைப் பூதக்கண்ணாடியில்) நான் முதலில் பார்ப்பது, எழுத்து தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்பதைத்தான். டபுள்ட் டையில் பெரும்பாலும் எழுத்து அகன்றிருக்கும். இரண்டாவது உருவத்துக்கும் உருண்ட மேடு இருக்கும், எழுத்தின் முனைகள் பிளவுபட்டிருக்கும். மெஷின் டபுளிங்கில் எழுத்தின் உடலே குறைந்து, பக்கத்தில் தட்டையான, பளபளக்கும் ஒரு படி மட்டும் நிற்கும். விளக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பாருங்கள், அந்தப் படி சட்டென்று மின்னும்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவில் அடித்த 1955 லிங்கன் சென்ட்டின் டபுள்ட் டையில் இரட்டிப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சோதனை, சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 1969 எஸ் சென்ட்டில்தான். அதன் நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ முத்திரையை அப்போது அச்சில் தனியாக, கையால் அடித்தார்கள். அதனால் அசல் டபுள்ட் டையில் ஆண்டும் வாசகங்களும் இரட்டித்திருக்கும், ‘எஸ்’ ஒற்றையாகவே இருக்கும். ஆண்டோடு சேர்ந்து ‘எஸ்’ஸும் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் அது இயந்திரத்தின் வேலை. இவ்வளவு தெளிவான சாட்சி வேறு நாணயங்களில் அரிதாகத்தான் கிடைக்கிறது.

தேய்ந்த அச்சாலும் எழுத்தைச் சுற்றி மங்கலான நிழல் விழும். அதுவும் டபுள்ட் டை அல்ல.

சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது டபுள்ட் டைக்குத்தான், மெஷின் டபுளிங்குக்குப் பொதுவாக முகமதிப்புக்கு மேல் கிடைக்காது. எனவே தரச்சான்றுக்குப் பணம் கட்டும் முன், உறுதிசெய்யப்பட்ட நாணயத்தின் படத்தை அருகில் வைத்து, இரட்டிப்பு எந்தத் திசையில் போகிறது, அச்சுக்கீறல்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுவிடுங்கள்.