பூட்டிய பட்டறைக்குக் காவல்: ஒரு பாதுகாப்புச் சேவையின் பதினான்கு மாதங்கள்

கோவை குறிச்சி தொழிற்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு 6,000 சதுர அடியில் ஒரு பட்டறைக் கட்டடம் இருக்கிறது. பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் (செம்புக் கம்பிச் சுற்று) செய்து கொடுத்துவந்த அந்தப் பட்டறையை அப்பாவின் உடல்நிலை காரணமாக நிறுத்திய பிறகு, சரியான வாடகைதாரர் அமையும் வரை கட்டடத்தைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒருவர் அமைவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவ்வளவு காலமும் நகரிலுள்ள ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம் கட்டடத்தை ஒப்படைத்திருந்தோம். இரவுக் காவலாளி ஒருவர், தொலைவிலிருந்து கண்காணிக்கப்படும் ஆறு கேமராக்கள், வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரின் வருகை ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பு அது. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே தொகுப்பைத்தான் சிறு மாற்றங்களோடு பல நிறுவனங்கள் விற்கின்றன.

இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, அவர்கள் கட்டணமே வாங்காத ஒரு வேலை. ஒப்பந்தம் போடுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வந்த மேற்பார்வையாளர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உள்ளே வருமுன் சுற்றுச்சுவரை வெளிப்பக்கமாக இரண்டு முறை நடந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கேமரா எங்கே மாட்டுவது என்று நான் கேட்டதற்கு, "கேமராவை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல உள்ளே இருக்கிற செம்பை எல்லாம் நீங்களே கழற்றி வித்துருங்க" என்றார். பயன்படாத கேபிள்கள், பழைய பேனல் போர்டின் பஸ்பார்கள் (மின்சாரத்தைக் கடத்தும் தடித்த உலோகப் பட்டைகள்), கம்ப்ரசரிலிருந்து செல்லும் குழாய்கள், மூலையில் கிடந்த மிச்ச வைண்டிங் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டபோது ஏறத்தாழ 140 கிலோ வந்தது. விற்ற பணம் காவலாளியின் நான்கு மாதக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. கழிவறையின் பித்தளைக் குழாய்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் மாட்டச் சொன்னதும், சுவரோரம் அடுக்கியிருந்த மரப் பலகைகளை அகற்றச் சொன்னதும், சுவருக்கு மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையை வெட்டச் சொன்னதும் அவர்தான். காலிக் கட்டடத்துக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் இயந்திரத்தைத் தேடி வருவதில்லை. பழைய இரும்புக் கடையில் அன்றே காசாகக்கூடிய செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைத்தான் தேடுகிறார். அவை இல்லாத கட்டடத்தைக் காப்பது பாதி எளிது.

அடுத்து காவலாளி. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை ஒருவர். மாதம் 21,500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 25,370 ரூபாய். இதைவிட ஐயாயிரம் குறைவாகவும் ஒரு நிறுவனம் விலை சொன்னது. ஆனால் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டிய சலானைக் காட்டச் சொன்னபோது அவர்கள் பேச்சை மாற்றினார்கள். குறையும் ஐயாயிரம் யாருடைய சட்டைப் பையிலிருந்து குறைகிறது என்பது அப்போதே விளங்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் எவரும் இந்தத் தொழிலை நடத்த முடியாது. அதன் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. நாங்கள் அமர்த்திய நிறுவனம் உரிமத்தை உடனே காட்டியது. பயிற்சிச் சான்றிதழைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் நாளாயிற்று.

முதல் மூன்று மாதங்களில் ஐந்து காவலாளிகள் மாறினார்கள். நிறுவனத்தின் மேல் கோபப்பட்டு நான் கடிதமே எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பட்டறையை மூடியபோது தண்ணீர் மோட்டாருக்கான இணைப்பையும் நாங்கள் துண்டித்துவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டிய மனிதருக்குக் கழிவறையில் தண்ணீரில்லை, மின்விசிறி இல்லை, உட்கார ஒரு நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் இவை உரிமையாளர் பொறுப்பு என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை வாயால் சொல்லியிருந்தால் மூன்று மாதக் குழப்பம் தவிர்ந்திருக்கும். வசதிகளைச் செய்து கொடுத்த பிறகு வந்த ஆறாமவர் கடைசி நாள் வரை இருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர், வயது 58. இரவு விழிப்பதைப் பற்றிக் கேட்டபோது, "மூணு ஷிப்டும் பார்த்தவனுக்கு ராத்திரி முழிக்கிறது பெரிசில்லைங்க, பேச ஆள் இல்லாததுதான் கஷ்டம்" என்றார்.

ரோந்துப் பதிவு முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டடத்தைச் சுற்றி எட்டு இடங்களில் கியூ.ஆர். குறியீடுகளை ஒட்டி, மணிக்கொரு முறை காவலாளி அவற்றைத் தன் கைபேசியால் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் அறிக்கை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இரண்டாம் மாதத்தில் ஓர் அறிக்கையை நிதானமாகப் படித்தபோது, எட்டு இடங்களும் நாற்பது விநாடிக்குள் பதிவாகியிருந்தன. முன்வாசலிலிருந்து பின்மூலைக்கு நடந்து திரும்பவே ஆறு நிமிடமாகும். அப்போதிருந்த காவலாளி எட்டுக் குறியீடுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடியே ஸ்கேன் செய்திருக்கிறார். நிறுவனத்திடம் சொன்னவுடன், கைபேசியை ஒட்டிப் பிடித்தால் மட்டுமே பதிவாகும் என்.எஃப்.சி. சில்லுகளைக் கூடுதல் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். அது பாராட்டத்தக்கது, ஆனால் அந்த அறிக்கைகளை அவர்கள் அலுவலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிந்தது.

கேமரா சேவைக்கு மாதம் 6,500 ரூபாய். மின்சாரம் தடைபட்டாலும் இயங்கும்படி சூரியத் தகடும் சிம் அட்டையும் கொண்ட கேமராக்களைப் பொருத்தினார்கள்; பதிவுக் கருவியைக் கண்ணுக்குத் தெரியாத பரணில் வைத்தார்கள். கேமராக்கள் பட்டப்பகலில் தெளிவாகவே காட்டின. இரவில்தான் சிக்கல். அகச்சிவப்பு விளக்கின் சூட்டுக்கும் பூச்சிகளுக்கும் ஈர்க்கப்பட்டுச் சிலந்திகள் கண்ணாடி முன் வலை பின்னிவிடும். அந்த வலை ஒளியைத் திருப்பி அடித்துப் படம் முழுவதையும் வெளுக்க வைத்துவிடும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை, அந்த வேலை ஒப்பந்தத்தில் இல்லை. கட்டடத்தினுள் வைத்த வெப்ப உணரிகளோ சித்திரை மாதத்தில் ஏறக்குறைய உறங்கிவிட்டன. மனித உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அவை ஆளைக் கண்டறிகின்றன; சிமென்ட் அட்டைக் கூரையின் கீழ் வெப்பம் உடல் வெப்பத்தை எட்டும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. வெப்பத்தோடு நுண்ணலையாலும் அசைவைக் கண்டறியும் இருமுறை உணரிகளைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

திருட்டு நடந்தது மாட்டுப் பொங்கலன்று, பகல் 11 மணிக்கு. இரவுக் காவலாளி வீட்டுக்குப் போய் நான்கு மணி நேரமாகியிருந்தது. குட்டி யானை எனப்படும் ஒரு சிறு சரக்கு வண்டியில் மூன்று பேர் சீருடை போன்ற சட்டையில் வந்து, பூட்டை அறுத்து, நிதானமாக வேலை பார்த்திருக்கிறார்கள். எதிர்ப் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாங்கள்தான் எதையோ விற்று அனுப்புகிறோம் என்று எண்ணிக்கொண்டார். கேமரா உடனே எச்சரிக்கை அனுப்பியது. கண்காணிப்பு அறையில் இருந்தவர் ஒலிபெருக்கியை இயக்கினார். அதில் ஒலித்தது ஆங்கிலத்தில் முன்பே பதிவு செய்த ஓர் எச்சரிக்கை. அதைக் கேட்டு அவர்களில் ஒருவர் கேமராவை நிமிர்ந்து பார்ப்பதும், திரும்பத் தன் வேலையைத் தொடர்வதும் பதிவில் இருக்கிறது. பின்னர் முதல் எண்ணாகக் கொடுத்திருந்த என் தம்பியை அழைத்தார்கள்; அவர் உறவினர் வீட்டு விசேஷத்தில் இருந்தார். இரண்டாவது எண்ணான எனக்கு அழைப்பு வந்தபோது நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. காவல் நிலையத்துக்கு அவர்கள் சொல்லவேயில்லை; உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் சொல்வதில்லை என்பது அவர்களுடைய நடைமுறையாம். ஏ.சி.யின் வெளிப்புறச் செம்புக் குழாய்களும் எட்டு அலுமினிய ஜன்னல் சட்டங்களும் போயின. அவற்றை விற்றால் கிடைப்பதைவிட, திரும்பப் பொருத்த எங்களுக்கு ஆன செலவு பல மடங்கு.

புகார் கொடுத்த பிறகுதான் அடுத்த குறை தெரிந்தது. பதிவுக் கருவியின் கடிகாரம் 23 நிமிடம் பிந்தியிருந்தது. மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்க, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழை நிறுவனம் தர வேண்டும். அதில் பதிவின் ஹாஷ் மதிப்பும் (பதிவு பின்னர் மாற்றப்பட்டதா என்று சரிபார்க்க உதவும் குறியீடு) இருக்க வேண்டும். அதைத் தயாரிக்க அவர்களுக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன. இழப்புக்கு நிறுவனத்தின் பொறுப்பு ஒரு மாதக் கட்டணத்தைத் தாண்டாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், அங்கிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை. எங்களைக் காப்பாற்றியது காப்பீடுதான். வழக்கமான தீ விபத்துக் காப்பீட்டில், கட்டடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்தால், முன்கூட்டியே தெரிவித்துப் பாலிசியில் எழுதி வாங்காத வரை பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. முகவர் அதை நினைவூட்டி எழுதி வாங்கிக் கொடுத்திருந்தார். களவுக் காப்பீட்டுக்கு உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும் என்பதால், அறுபட்ட பூட்டை அப்படியே எடுத்து வைத்தோம். திண்டுக்கல்லில் அப்பா வாங்கி வந்த மாங்காய்ப் பூட்டு அது. பூட்டு கடைசி வரை திறக்கவில்லை, அதன் வளையத்தைத்தான் அறுத்திருந்தார்கள்.

அத்துமீறலைத் தடுப்பதில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். திருட்டு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அத்துமீறல் மெல்ல வளர்வது. முதலில் முன்வாசலில் ஒரு லாரி இரவு தங்கும், பிறகு அதன் பக்கத்தில் நான்கு காலி டிரம்கள் வரும், மாலையில் மது அருந்த ஒரு கூட்டம் சேரும். எதிரிடை அனுபோகம், அதாவது பிறர் இடத்தை நீண்ட காலம் கைவசம் வைத்திருந்ததால் வரும் உரிமை, கோர 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி 12 ஆண்டுகள் வேண்டும் என்றாலும், ஆறு மாதம் டிரம் வைத்தவரை அகற்றுவதே போதுமான தலைவலி. எங்கள் காவலாளி சண்டை போடாமல், வந்த அன்றே பேசி அனுப்பிவிடுவார். அவரைக் குடும்பத்தோடு உள்ளேயே தங்க வைக்கலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். காவலாளியாக இருப்பவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் சொத்தில் உரிமை பெற மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆயினும் உரிமை இல்லை என்பதை நிறுவ ஒரு வழக்கு நடத்த எங்களுக்கு விருப்பமில்லை.

திருட்டுக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தினோம். ஆறு கேமராக்களில் மூன்றைத் திருப்பிக் கொடுத்து, மிச்சமான பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, ஞாயிறு மற்றும் பண்டிகை நாட்களில் பகல் காவலும் வைத்தோம். ஒலிபெருக்கியில் என் குரலிலேயே தமிழில் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்தோம். எச்சரிக்கை வந்த ஐந்து நிமிடத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் நேராகக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல எழுத்தில் ஒப்புதல் கொடுத்தோம். வட்டாரக் காவல் நிலையத்தில் விவரம் கொடுத்து, ரோந்து வரும் காவலர்கள் கையெழுத்திட, பட்டா புத்தகம் எனப்படும் குறிப்பேடு ஒன்றையும் வாசலில் வைக்கச் செய்தோம். அதன் பிறகு ஒன்றும் போகவில்லை.

ஒப்பந்தத்தை முடிப்பதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு கேட்டார்கள். முன்பணத்தைத் தாமதமின்றித் திருப்பித் தந்தார்கள். தொடக்கத்தில் மூன்று செட் சாவிகள் கொடுத்திருந்தோம். இரண்டுதான் திரும்பி வந்தன. மூன்றாவது எங்கே என்று அவர்களுடைய பதிவேட்டிலும் இல்லை. புதிய வாடகைதாரர் வருமுன் எல்லாப் பூட்டுகளையும் மாற்றினோம். அதற்கான பில்லை அனுப்பியிருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.