ஆண் சுண்டெலியா, ஹார்மோன் கொடுத்த பெண்ணா?

குளோரோஃபார்ம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. டிபிஏ/2 என்ற ஆய்வக ரகத்து ஆண் சுண்டெலி, பிளாக் 6 என்ற இன்னொரு ரகத்து ஆண், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த பெண் என்று மூன்று வழிகள். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விஷயம் சிப் 2இ1 என்ற நொதியில் இருக்கிறது. குளோரோஃபார்மை பாஸ்ஜீன் என்ற நச்சுப் பொருளாக மாற்றுவது இதுதான். அந்த பாஸ்ஜீன் சிறுநீரகத்தின் அண்மை நுண்குழல் (வடிகட்டியை ஒட்டிய முதல் குழல் பகுதி) செல்களைக் கொல்கிறது. சுண்டெலியின் சிறுநீரகத்தில் இந்த நொதியைத் தூக்கிப் பிடிப்பது டெஸ்டோஸ்டிரோன். அதனால் ஆணுக்கு அடி, பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பாராசிட்டமாலிலும் இதே கதைதான்.

ரக வித்தியாசமும் சின்னதல்ல. டிபிஏ/2 ஆணைக் கொல்ல பிளாக் 6 ஆணுக்குத் தேவைப்படும் குளோரோஃபார்மில் சுமார் கால் பங்கு போதும் என்று 1975-லேயே வந்துவிட்டது. இரண்டையும் கலந்தால் குட்டி நடுவில் நிற்கிறது. மரபு சார்ந்த கேள்வி என்றால் இந்த ஜோடியைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ரகம் மாறினால் கூடவே ஆயிரம் ஜீன் மாறும். எது காரணம் என்று கையை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, ஒரே ரகத்து ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டால்? அங்கேதான் கூண்டு வருகிறது. ஐந்து ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்று தலைவனாகிவிடும், மற்றவை வாலில் கடிபட்டு மூலையில் ஒதுங்கும். டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆளுக்கு ஆள் வேறு, அப்புறம் நொதியும் வேறு. மருந்தின் விளைவு என்று நாம் எழுதுவதில் பாதி கூண்டுச் சண்டையாக இருக்கலாம். தனித்தனிக் கூண்டு போட்டால் இடமும் வேலையும் கூடும், தனிமையே ஒரு அழுத்தம். விரை நீக்கி ஹார்மோன் கொடுக்கலாம்தான், ஆனால் அறுவை, ஆறும் காலம் என்று நாள் இழுக்கும்.

பெண்கள் ஒரே கூண்டில் சமாதானமாக இருக்கும். பாதிக்கு டெஸ்டோஸ்டிரோனை மெதுவாகக் கசியவிடும் சின்னக் குழாய், மீதிக்கு வெறும் குழாய், இரண்டும் பிடரித் தோலுக்கு அடியில். ஒரே ரகம், ஒரே பால். நொதி மட்டும் நம் கையில். கல்லீரலில் இந்த நொதி ஆண் பெண் பார்த்துப் பெரிதாக மாறாது, ஆகவே அதே உடலில் ஒரு ஒப்பீடும் இலவசமாகக் கிடைக்கிறது.

நொதி மட்டும் என்றது கொஞ்சம் மிகை. டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரகத்தையே பெரிதாக்கும். அந்தச் சந்தேகம் இருப்பவர்கள் சிப் 2இ1 ஜீன் நீக்கிய சுண்டெலிக்குப் போகலாம். குளோரோஃபார்ம் ஆவி கொடுத்தும் அதன் சிறுநீரகம் தப்பியது.

சுண்டெலியை விடப் பெரிய எலியில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. ஃபிஷர் 344 ரக எலியின் சிறுநீரகம் பாராசிட்டமாலுக்கு ஸ்ப்ராக்-டாலி ரகத்தைவிட எளிதில் விழும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெண் சுண்டெலிக்கு வைத்த ஹார்மோன் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கியே போதும். பெண்ணின் பௌமன் உறையில் (சிறுநீரக வடிகட்டியைச் சுற்றிய கிண்ணம்) ஓரச் செல்கள் தட்டையாகப் படுத்திருக்கும். ஹார்மோன் ஏறியிருந்தால் அவை கனசதுரமாக எழுந்து நிற்கும், ஆணின் சிறுநீரகத்தில் நிற்பதுபோலவே.