கேன்சர் சாம்பிள்ல மெத்திலேஷன் பாக்க பைசல்ஃபைட்டா, என்சைமா?

ரத்தத்துல மிதக்குற டியூமர் டிஎன்ஏல மெத்திலேஷன் (டிஎன்ஏ மேல ஒட்டுற மெத்தில் குறி) பாக்குற வேலை வந்தப்போ நான் பைசல்ஃபைட் கெமிக்கலுக்குப் பதிலா என்சைம் பக்கம் போயிட்டேன். அதனால கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன், இப்பவே சொல்லிடறேன்.

ரெண்டும் கடைசில செய்றது ஒண்ணுதான். மெத்தில் ஒட்டாத சைட்டோசின (டிஎன்ஏவோட சி எழுத்து) யுராசிலா மாத்திடும், பிசிஆருக்கு (டிஎன்ஏவ காப்பி எடுத்துப் பெருக்குறது) அப்புறம் அது டி எழுத்தா வரும், மெத்தில் இருக்குறது சி-யாவே நிக்கும். பைசல்ஃபைட் 1992லேர்ந்து புழக்கத்துல இருக்கு, கிட் மலிவு, புரோட்டோகால் பாதி பேருக்கு மனப்பாடம். அதுல பேச ஒண்ணுமில்ல.

டிஎன்ஏ என்ன கதிக்கு ஆளாகுதுங்குறதுதான் விஷயமே. பைசல்ஃபைட்ல ஆசிட்லயும் சூட்டுலயும் ஊறி இழை கண்டபடி உடையும். செல் கல்ச்சர்லேர்ந்து மைக்ரோகிராம் கணக்குல எடுத்து வெச்சிருந்தா போனா போகுதுன்னு விட்டுடலாம், ஆனா பிளாஸ்மாவுல கிடைக்கிறதே சில நானோகிராம், துண்டு ஒவ்வொண்ணும் ஏற்கனவே 167 பேஸ் வாக்குலதான் இருக்கும், அதுல டியூமரோடது கொஞ்சூண்டு, அதுவும் உடைஞ்சுபோச்சுன்னா எவ்ளோ ஆழமா சீக்வென்ஸ் பண்ணாலும் திரும்பி வராது, மிஞ்சின துண்டோட காப்பியவே திருப்பித் திருப்பி படிச்சிட்டிருக்கணும். என்சைம் முறைல டெட்2ங்குற என்சைம் மெத்தில் சைட்டோசின ஆக்சிடைஸ் பண்ணி காப்பாத்திடும், அபோபெக்ங்குற இன்னொரு என்சைம் மிச்சத்த மாத்தும், இழைக்கு பெருசா சேதாரம் இல்ல. ஜி, சி எழுத்து அதிகமா இருக்குற புரோமோட்டர் பகுதிலயும் (ஜீன ஆன், ஆஃப் பண்ற இடம்) கவரேஜ் சீரா வருது.

தொல்லை இல்லாம இல்ல. டெட்2வுக்கு இரும்பு வேணும், அந்தக் கரைசல அப்பப்போ நீர்த்து உடனே போடணும். டிஎன்ஏவ டிஇ பஃபர்ல எடுத்திருந்தா அதுல இருக்குற ஈடிடிஏ இரும்ப பிடிச்சு வெச்சுக்கும், டெட்2 படுத்துடும், மெத்தில் இருந்ததும் சேர்ந்து டி ஆகி மெத்திலேஷன் கொறைஞ்ச மாதிரி காட்டும். கேன்சர்ல நெஜமாவே ஜீனோம் முழுக்க மெத்திலேஷன் கொறையும்ங்குறதால யாருக்கும் சந்தேகமே வராது, அதான் பயம். மெத்தில் போட்ட பியூசி19 டிஎன்ஏ கண்ட்ரோல் (மெத்தில் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சது) இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. மெத்தில் இல்லாத லாம்டா டிஎன்ஏ கண்ட்ரோல் மாறாம போன சி-யத்தான் காட்டிக்குடுக்கும், இதுக்கு உதவாது.

பாரஃபின் பிளாக் (மெழுகுல பதிச்சு வெச்ச திசு) சாம்பிள்ல என் அனுபவம் கம்மி, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன்.

கிளையோபிளாஸ்டோமால (மூளைக் கேன்சர்) டெமோசோலமைட் மருந்து கேக்குமான்னு எம்ஜிஎம்டி ஜீனோட புரோமோட்டர் ஒண்ண மட்டும் பாக்கணும்னா பைசல்ஃபைட் பிசிஆரே போதும், என்சைமுக்கு செலவு பண்ணாதீங்க. ஆனா மூளை திசுல ஹைட்ராக்ஸி மெத்தில் (மெத்தில் குறி ஆக்சிடைஸ் ஆன வடிவம்) நெறைய இருக்கும், ரெண்டு முறையும் அத சாதா மெத்திலோட சேர்த்துதான் காட்டும். பிரிச்சுப் பாக்கணும்னா ஆக்சிடேட்டிவ் பைசல்ஃபைட் பக்கம் போங்க.