டிஸ்க்2விஎச்டி: டூயல் பூட் விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் குடியேற்ற எவ்வளவு தூரம் உதவும்?

ஒரே லேப்டாப்பில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருக்கும் பலர் நாள் முழுக்க லினக்ஸில்தான் இருப்பார்கள். டாலிக்காகவோ, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்காகவோ, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பேஜ்மேக்கர் கோப்புக்காகவோ எப்போதாவது ரீஸ்டார்ட் செய்து அந்தப் பக்கம் போய் வருவார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. அந்த விண்டோஸை மறுபடி நிறுவாமல், உள்ளே இருக்கும் மென்பொருள்களோடு அப்படியே எடுத்து, லினக்ஸுக்குள்ளேயே ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (மென்பொருளால் ஆன கணினி) வைக்க, டிஸ்க்கை விஎச்டி என்னும் ஒரே கோப்பாக நகலெடுக்கும் டிஸ்க்2விஎச்டி கைகொடுக்கும். அந்த மெஷினை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்தான் விர்ச்சுவல்பாக்ஸ்.

மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதி 2009-இல் வெளிவந்த இந்தக் கருவி, மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் போதும். இதன் சிறப்பு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே நகலெடுப்பது. வால்யூம் ஷேடோ காப்பி வழியாக ஒரு கணத்தின் நிலையை உறையவைத்து அதிலிருந்து படிப்பதால், திறந்திருக்கும் கோப்புகளும் சிதையாமல் வரும். இந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகல் பூட் ஆகுமா என்பது இந்தக் கருவியின் பொறுப்பு அல்ல. டூயல் பூட் கணினியில் சிக்கல் எல்லாமே அந்த இடத்தில்தான்.

நகலெடுக்கும் முன் விண்டோஸுக்குள் சில வேலைகள் உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும். அது இயங்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் இருக்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துவது போதாது, முழுவதும் டிக்ரிப்ட் செய்துவிடுங்கள். செய்யும்வரை 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும். பலர் மறந்துபோவது பாஸ்வேர்டு. தினமும் பின் நம்பர் போட்டே உள்ளே போகிறவர்களுக்கு ஒன்று: அந்த பின் கணினியின் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது, விர்ச்சுவல் மெஷினில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால், முன்கூட்டியே ஒரு லோக்கல் அட்மின் கணக்கை உருவாக்கிவிடுவது நல்லது.

அடுத்தது, டிஸ்க்கோடு விண்டோஸ் பேச உதவும் கன்ட்ரோலர் டிரைவர். என்விஎம்இ எஸ்எஸ்டியிலோ இன்டெலின் ஆர்எஸ்டி என்னும் டிஸ்க் முறையிலோ ஓடிய விண்டோஸ், விர்ச்சுவல்பாக்ஸ் தரும் சாட்டா கன்ட்ரோலரைப் பார்த்ததும் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை காட்டக்கூடும். சாட்டாவுக்கு வேண்டிய ஏஹெச்சிஐ டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பயன்படாத காரணத்தால் பூட் நேரத்தில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். சேஃப் மோடில் ஒருமுறை பூட் ஆனால் விழித்துக்கொள்ளும். எனவே எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன்) கருவியில் பூட் தாவலுக்குப் போய் ‘சேஃப் பூட்’ டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்யாமல் வெளியே வந்து, அதே நிலையில் நகலெடுங்கள். முடிந்ததும் அசல் கணினியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் முதல் பூட் நல்லபடியாக நடந்த பிறகு அங்கேயும் எடுக்க வேண்டும்.

டிஸ்க்2விஎச்டியின் ஒரே திரையில் இரண்டு டிக் பெட்டிகள் முக்கியம். ‘யூஸ் வால்யூம் ஷேடோ காப்பி’ இருக்கட்டும். விஎச்டியின் புதிய வடிவத்தைத் தரும் ‘யூஸ் விஎச்டிஎக்ஸ்’ விர்ச்சுவல்பாக்ஸுக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம். விஎச்டிஎக்ஸ் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸ் படிக்கும், எழுதாது. பழைய விஎச்டி 2 டிபிக்குச் சற்றுக் குறைவான டிஸ்க் வரை தாங்கும், வீட்டு லேப்டாப்புக்கு அது போதும். வால்யூம் பட்டியலில் சி டிரைவோடு, எழுத்தில்லாத சிறு வால்யூம்கள் வந்தால் அவற்றையும் தேர்ந்தெடுங்கள். பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி (இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்) அவற்றில் ஒன்றாக இருக்கும். டேட்டா மட்டும் உள்ள டி டிரைவை விட்டுவிடலாம், பிறகு ஷேர்டு ஃபோல்டராகக் கொடுத்துக்கொள்ளலாம்.

சேமிக்கும் இடம் வெளி ஹார்ட் டிஸ்க்காக இருப்பது நல்லது. அது ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வேண்டும். டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி எழுதினால் 150 ஜிபிக்கு 25 நிமிடம் ஆகும். உருவான விஎச்டியை அதே விண்டோஸில் இணைத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்: இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் நகலின் அடையாளத்தை மாற்றிவிடும், நகல் பூட் ஆகாமல் போகலாம்.

இனி விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் ‘யூஈஎஃப்ஐ’ (புதிய பூட் முறை) என்று இருந்ததா ‘லெகசி’ (பழைய முறை) என்று இருந்ததா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். யூஈஎஃப்ஐ என்றால் மெஷின் அமைப்பில் இஎஃப்ஐயை இயக்க வேண்டும், லெகசி என்றால் தொடவே கூடாது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய டிபிஎம் 2.0-வும், கையெழுத்திட்ட பூட் கோப்புகளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் உண்டு. புது மெஷின் உருவாக்கும்போது ஐஎஸ்ஓ எதையும் கொடுக்காமல், ‘ஏற்கெனவே உள்ள ஹார்ட் டிஸ்க் கோப்பு’ என்பதில் விஎச்டியைக் காட்டுங்கள். கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் 4 ஜிபி கொடுக்கலாம். அதற்கும் கீழே இந்த முயற்சியே வேண்டாம்.

லினக்ஸ் கெர்னல் 6.12 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், மெஷின் தொடங்கும்போதே ‘விஎம்எக்ஸ் ரூட் மோட்’ என்று பிழை வரலாம். லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான கேவிஎம்மின் மாட்யூல் ஏறும்போதே பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டால் சரியாகும். ஹோஸ்டில் (அசல் லினக்ஸ் கணினியில்) செக்யூர் பூட் இயங்கினால், விர்ச்சுவல்பாக்ஸின் கெர்னல் மாட்யூலுக்குக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

டூயல் பூட் கணினிக்கே உரிய வேடிக்கை இதன் பிறகுதான். மெஷினை இயக்கினால் விண்டோஸுக்குப் பதில் கறுப்புத் திரையில் லினக்ஸின் பூட் மெனு நிரலான க்ரப் வந்து நிற்கும். இஎஸ்பி இரண்டு இயங்குதளங்களுக்கும் பொது. அசல் கணினியில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருந்தது, நகலோடு அது வரவில்லை. பதிவு இல்லாத ஃபர்ம்வேர் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்னும் பொது இடத்தில் இருப்பதை இயக்கும். அங்கே உபுண்டு தன் கோப்பை வைத்திருக்கும். அது தேடும் லினக்ஸ் பார்ட்டிஷனோ நகலில் பெயருக்கு இருக்கிறதே தவிர உள்ளே ஒன்றுமில்லை. ஃபர்ம்வேர் மெனுவுக்குள் போய் பூட் மெயின்டனன்ஸ் மேனேஜர், பூட் ஃப்ரம் ஃபைல், பிறகு இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்று இறங்கி ‘பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ’ கோப்பைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் எழும். அதே மெனுவில் இதற்கு நிரந்தரப் பதிவும் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஃபோல்டரே இல்லையென்றால் இஎஸ்பி சரியாக வரவில்லை என்று பொருள். விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கமாண்ட் திரை வரும். டிஸ்க்பார்ட்டில் ஃபேட்32 பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, அதன்மேல் பிசிடிபூட் கட்டளையை யூஈஎஃப்ஐ வகையில் ஓட்டுங்கள். பூட் அமைப்பு புதிதாக எழுதப்படும். முன்பு போட்ட சேஃப் பூட் குறி இதில் காணாமல் போகும். நீலத்திரை வந்தால் ரெக்கவரி திரையின் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே சேஃப் மோடுக்குப் போகலாம்.

நகலெடுக்காமல், அசல் பார்ட்டிஷனையே ரா டிஸ்க்காக விர்ச்சுவல்பாக்ஸுக்குக் காட்டும் வழியும் இருக்கிறது. இடம் மிச்சம்தான், ஆனாலும் பரிந்துரைக்க மாட்டோம். முழு டிஸ்க்கும் தெரியும் நிலையில், மெஷினுக்குள் வரும் க்ரப்பில் கைதவறி லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே லினக்ஸ் இன்னொரு முறை பூட் ஆகி ஃபைல் சிஸ்டத்தை நாசம் செய்துவிடும். வேகம் வேண்டுமென்றால் கேவிஎம் மேல். அதற்கு விஎச்டிஎக்ஸாக எடுத்து, கேவிஎம் பயன்படுத்தும் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றுங்கள். முதலில் சாட்டாவாக இணைத்துப் பூட் செய்து, சிறிய விர்ட்ஐஓ (கேவிஎம்முக்கான வேகமான டிஸ்க் இணைப்பு) டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டி டிரைவரை நிறுவிய பிறகுதான் பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் அதே நீலத்திரை.

உள்ளே வந்ததும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவி, பழைய கிராஃபிக்ஸ், ஆர்எஸ்டி மென்பொருள்களை நீக்குங்கள். டோக்கன் வேண்டுவோர் லினக்ஸில் தங்களை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் சேர்த்தால்தான் யூஎஸ்பி தெரியும். டாலி போலக் கணினியோடு உரிமம் பூட்டிய மென்பொருள்களில், அசல் விண்டோஸில் உரிமத்தை சரண்டர் செய்துவிட்டு இங்கே மீண்டும் ஆக்டிவேட் செய்வது சுலபம். விண்டோஸும் ஆக்டிவேஷன் கேட்கும். கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை மாற்றலாம். லேப்டாப்போடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே உரியது, இந்தச் செலவை முன்பே கணக்கில் வையுங்கள். மோசடித் தடுப்பு மென்பொருள் (ஆன்டிசீட்) உள்ள கேம்களுக்காக விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டூயல் பூட்டிலேயே இருப்பது மேல்.

512 ஜிபி டிஸ்க்கின் நகல் 512 ஜிபி என்றே காட்டும். கோப்பு பிடிக்கும் இடம் உண்மையான டேட்டாவின் அளவுதான். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கின் கொள்ளளவைப் பெரிதாக்க முடியும், குறைக்க முடியாது. நாளடைவில் வீங்கும் கோப்பைச் சுருக்க, விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த விடிஐ வடிவத்துக்கு நகலெடுத்து, உள்ளே எஸ்டிலீட் கருவி கொண்டு காலி இடத்தைச் சுழியமாக்கி, காம்பாக்ட் செய்யலாம்.

எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு பழைய பார்ட்டிஷன்களை அழிக்கும்போது சி டிரைவையும் ரெக்கவரியையும் மட்டும் தொடுங்கள். இஎஸ்பியை அழித்தால் லினக்ஸும் எழாது. அதற்குள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரை மட்டும் நீக்கி, க்ரப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.