சாட்டிலைட் நெட்டைப் பங்கு போட்டுத் தர்றேன்னு வர்றவனிடம் உஷார்: களக்காடு, திருக்குறுங்குடி பக்கத்துக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் கடைகள். மலை மறைப்பதால் செல்போனில் ஒரு கோடு தெரியும், அடுத்த நிமிஷம் அதுவும் போய்விடும். வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஃபைபர் இழுக்க யாரும் வரவில்லை. இந்தத் தவிப்பைத் தெரிந்துகொண்டுதான் ஓர் ஏஜென்ட் வந்தான்.

"அண்ணாச்சி, ஒத்தக் கடைக்கு சாட்டிலைட் நெட்டு கட்டுப்படியாகாது. அஞ்சு கடையும் சேந்து போட்டா சல்லிசா முடிஞ்சிரும். அன்லிமிட்டெட். மழையோ காத்தோ, நிக்கவே நிக்காது."

உரக்கடை, மெடிக்கல், டீக்கடை, வாழைக்காய் மண்டி, என் ஆன்லைன் சென்டர். கடைக்கு 9,000 ரூபாய் கொடுத்தோம். டிஷ் என் மொட்டைமாடியில் ஏறியது.

மாதப் பாதி தாண்டியதும் நெட் படுத்துவிட்டது. மானிய உரம் விற்க பிஓஎஸ் மெஷினில் ஆதார் கைரேகை வேண்டும். யூரியா வாங்க வந்த பெரியவர், தன் ரேகைதான் தேய்ந்துபோச்சு என்று நினைத்து விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் கடையில் அதைவிட மோசம். ஆதார் வைத்து நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வந்த அக்காவுக்குக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. என் மெஷினிலோ 'டைம் அவுட்'. வங்கி அதைத் திருப்பிப் போடும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்லிமிட்டெட் என்பது பொய். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா, தாண்டினால் வேகம் குறையும் என்பதுதான் பிளான். அதையும் நாங்கள் மட்டும் தீர்க்கவில்லை. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளை ஆன்டெனா மாட்டி 'பேக்கப்' என்று சொல்லியிருந்தான். அது வானத்தைப் பார்க்கவில்லை, கிழக்கே தென்னந்தோப்பைப் பார்த்தது. அங்கே டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடும் வீடு. எங்கள் காசில் வந்த நெட்டை அங்கேயும் விற்றிருக்கிறான். ரவுட்டர் பாஸ்வேர்டு அவனிடம் மட்டும்.

கம்பெனிக்கு போன் போட்டால், இணைப்பு வேறு யாரோ பெயரில், வேறு மாவட்ட முகவரியில் இருக்கிறது. "நீங்க எங்க கஸ்டமரே இல்லையே சார்." பணம் எங்களுடையது, மாடி என்னுடையது, கம்பெனியில் புகார் கொடுக்கக்கூட உரிமை இல்லை. ஆகவே மக்களே, பில் உங்கள் பெயரில், உங்கள் முகவரிக்கு வராத இணைப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மழை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் போட்டது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளோடு பேசும் டிஷ். கார்த்திகை அடைமழையில் சிக்னல் விழத்தான் செய்யும். போய்வரும் தூரத்தாலேயே சுமார் அரை நொடி தாமதமும் இருக்கும். அது கருவியின் குற்றமில்லை. நிக்கவே நிக்காது என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

பக்கத்துக் கடைகள் நெட்டைப் பகிர்ந்துகொள்ள நேர்வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டத்தில், ஒரு கடைக்காரர் தன் இணைப்பிலிருந்து வைஃபை விற்கத் தனி உரிமம் வேண்டாம். யார் பயன்படுத்துகிறார் என்ற பதிவும் இருக்கும்.

அதே ஆள் இப்போது ஸ்டார்லிங்க் என்ற வெளிநாட்டு சாட்டிலைட் நெட் கம்பெனியின் பெயரைச் சொல்லி, 'முன்பதிவு' என்று ஏர்வாடி பக்கம் அட்வான்ஸ் வாங்குவதாகக் கேள்வி. 2021 நவம்பரிலேயே, உரிமம் இல்லாத அந்தச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. உரிமம் கிடைத்தது 2025 ஜூனில்தான். ஆசை இருந்தால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் நீங்களே பாருங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 'நீ கடைக்காரன்தானே, நுகர்வோர் இல்லையே' என்று ஏஜென்ட் மிரட்டுவான். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். நாங்கள் ஐந்து பேரும் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள்.