அடுக்கு நகைத்தட்டுகள்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எல்லா நகைகளையும் ஒரே பெட்டியில் போட்டுவைத்ததால் சங்கிலிகள் சிக்கலாகி, ஜோடி இழந்த தோடுகள் பெருகியதைப் பார்த்த பின்னரே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய இந்த மூன்று வெல்வெட் தட்டுகளை வாங்கினேன். உடனே நிரப்பிவிடாமல், முதலில் அனைத்தையும் வெள்ளைத் துணியில் பரப்பி, அணிபவை, பழுதுபார்க்க வேண்டியவை, பிறருக்குக் கொடுக்கக்கூடியவை எனப் பிரித்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தட்டுக்கே வரவில்லை.

தனித்தனி அறைகள்தாம் இதன் பெரும் பலம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்தின் கடினத்தன்மை 10, முத்துக்கோ சுமார் 2.5 மட்டுமே என்பதால், இரண்டும் உரசிக்கொண்டு கிடந்தால் கீறல் விழுவது முத்தில்தான். மோதிரப் பள்ளங்களும் இறுக்கமாக, நேர்த்தியாக உள்ளன.

சங்கிலிக்கான நீள அறை எனக்கு நிறைவளிக்கவில்லை. தட்டை வேகமாக இழுத்தாலே சங்கிலிகள் மீண்டும் பின்னிக்கொள்கின்றன. கொக்கியை மாட்டிய பிறகே கிடத்துவது ஓரளவு உதவுகிறது.

பெரிய குறை, மேல்தட்டுக்கு மூடி இல்லாதது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும் என்பதால், 925 வெள்ளி (92.5% வெள்ளி கலந்த உலோகம்) நகைகளை மட்டும் கறுப்பைத் தடுக்கும் தாளுடன் ஜிப் பைகளில் இட்டுத் தனியே வைத்திருக்கிறேன். முத்துகளை அப்படிக் காற்றுப்புகாமல் அடைக்கக் கூடாது. வறண்டு வெடிப்பு விடக்கூடும். மோதிரமும் தோடும் மிகுதியாக உள்ளவர்களுக்கு இத்தட்டுகளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சங்கிலிகளே அதிகம் என்றால், கொக்கிகளில் தொங்கவிடும் அமைப்பே ஏற்றது.