வாரத்துக்கு நான்கு ஓட்டம்: வீடும் வேலையும் உள்ளவருக்கான மராத்தான் பயிற்சி, நீண்ட நாள் பயன்பாட்டில்

மராத்தான் அட்டவணைகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஓடச் சொல்கின்றன. இங்கே பார்ப்பது நான்கு நாள் அட்டவணை: மொத்தம் 18 வாரம், உச்ச வாரத்தில் 55 கி.மீ. முழுநேர வேலையும் சிறு பிள்ளைகளும் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஒரே ஒரு சுற்றை முடித்துவிட்டு இதை மதிப்பிட முடியாது. முதல் சுற்றின் உற்சாகத்தில் எந்த அட்டவணையும் தாக்குப்பிடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளித் தேர்வு, வெளியூர்ப் பயணம், தூக்கம் கெட்ட வாரங்கள் எல்லாம் குறுக்கே வந்த பிறகுதான் எது நிற்கிறது, எது சரிகிறது என்று தெரியும்.

ஏன் நான்கு

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறாத ஒரு செலவு உண்டு. உடை மாற்றுவது, கழிப்பறை, உடம்பைச் சூடாக்குவது, திரும்பி வந்து வியர்வை அடங்கக் காத்திருப்பது, குளியல், ஈரத்துணியை அலசிப் போடுவது என்று எவ்வளவு அவசரப்பட்டாலும் 35 நிமிடம் போய்விடும். 5 கி.மீ. ஓடினாலும் 25 கி.மீ. ஓடினாலும் அதே 35.

வாரம் 50 கி.மீ.யை கிலோமீட்டருக்கு 6:30 நிமிட வேகத்தில் ஓட 5 மணி 25 நிமிடம் ஆகும். அதை ஆறு நாளுக்குப் பிரித்தால் மேல்செலவு மூன்றரை மணி நேரம். நான்கு நாளுக்குப் பிரித்தால் 2 மணி 20 நிமிடம். ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாமல் வாரத்துக்கு 70 நிமிடம் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

அப்படியானால் மூன்று நாளே போதுமே என்று தோன்றும். 50 கி.மீ.யை மூன்றாகப் பிரித்தால் லாங் ரன் (வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்) மட்டுமே ஏறக்குறைய பாதித் தூரத்தை விழுங்கும். மூச்சும் இதயமும் அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் கணைக்கால் எலும்பின் உட்புறம் (முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம்) வலி தொடங்குவது இப்படித்தான். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ சேர்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு மூன்று நாள் ஒத்துவரலாம். ஆனால் அந்த இரண்டு நாளுக்கும் அதே 35 நிமிட மேல்செலவு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

வாரம் எப்படி இருக்கும்

நடுச்சுற்றின் மாதிரி வாரம்: செவ்வாய் 10, வியாழன் 12, சனி 6, ஞாயிறு 22. செவ்வாய்க்கிழமை மட்டும் கடினம். 2 கி.மீ. மெதுவாக ஓடி, பிறகு டெம்போ வேகத்தில் மூன்று முறை 2 கி.மீ., ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிடம் மெல்லோட்டம், கடைசியில் 2 கி.மீ. தணிப்பு. டெம்போ என்றால் முழு மூச்சுடன் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம். இன்னும் ஒன்று ஓடலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினால் அளவு சரி.

மற்ற மூன்று நாளும் ஈஸி. முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது ஈஸி இல்லை. இந்த அட்டவணையில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். நேரம் குறைவு என்பதால் 12 கி.மீ.யைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று வேகம் கூடும். மிச்சமாவது ஆறேழு நிமிடம். அதற்கு விலையாக ஞாயிறு காலை கால் கனக்கும், அன்று பிற்பகல் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழ நேரும்.

எதை வெட்டுவது என்பதைச் சுற்று தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். முதலில் போவது சனி, அடுத்து வியாழன், பிறகு செவ்வாய், கடைசியாகத்தான் ஞாயிறு. சனிக்கிழமையின் 6 கி.மீ. இருப்பதே தேவைப்பட்டால் விடுவதற்குத்தான். காலை ஐந்து மணிக்குப் பிள்ளை வாந்தி எடுக்கும்போது இதை யோசித்து முடிவெடுக்க முடியாது. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். விட்ட ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடவே கூடாது. செவ்வாயை விட்டவர் புதனும் வியாழனும் அடுத்தடுத்து ஓடினால் நான்கு நாள் அட்டவணைக்கு இருக்கும் ஒரே பலம், அதாவது நடுவில் கிடைக்கும் ஓய்வு, போய்விடும்.

ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் கவலை வேண்டாம். உடல்திறன் ஒரு வாரத்தில் பெரிதாகக் குறையாது; அட்டவணையில் இப்போது எந்த வாரமோ அதிலிருந்தே தொடரலாம், செவ்வாயின் டெம்போவை மட்டும் ஈஸி ஆக்கினால் போதும். இரண்டு வாரம் போனால், விட்ட இடத்துக்கு முந்தைய வாரத்துக்குத் திரும்ப வேண்டும். நான்கு வாரம் போனால் பந்தயத்தில் வைத்திருந்த நேர இலக்கைக் கைவிடுவதுதான் நேர்மை. வீட்டில் தொற்று பரவும்போது, மூக்கு ஒழுகுவதோடு நின்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி என்றால் கூடாது. காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசை அழற்சிக்கு வழிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை

கி.மீ.க்கு 6:45 வேகத்தில் 30 கி.மீ. என்பது 3 மணி 22 நிமிடம். காலை 4:30க்குக் கிளம்பினாலும் வீடு திரும்ப எட்டு மணி நெருங்கிவிடும். அதனால் இந்த அட்டவணையில் லாங் ரன்னைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளப்பது நல்லது. வழக்கமான ஞாயிறுகளில் 2 மணி 45 நிமிடம் உச்சவரம்பு. அதே வேகத்தில் அது 24 கி.மீ.க்குச் சற்று மேல். மூன்று மணியைத் தாண்டும் ஞாயிறு 18 வாரத்தில் இரண்டே இரண்டு. மற்ற உச்ச வாரங்களில் சனி மாலை 12, ஞாயிறு காலை 20 என்று பிரிக்கலாம். களைத்த காலோடு தொடங்கும் அந்த 20, மராத்தானின் பின்பாதிக்கு நல்ல ஒத்திகை. மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இதைச் செய்தால் குதிகால் வலி வாசலில் நிற்கும்.

உண்மையில் வீட்டுக்குச் சுமையாவது ஓடும் மூன்று மணி நேரத்தைவிட, திரும்பி வந்து சோபாவில் சாய்ந்துகிடக்கும் அடுத்த ஐந்து மணி நேரம். அதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டினி. உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் (கார்போஹைட்ரேட் இருப்பு) ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி அளவில் செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 24 கி.மீ. ஓடினால் சுமார் 1,700. கொழுப்பும் பங்கு போட்டாலும் தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் எடுத்துக்கொண்டால் (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம்) அன்றைய பிற்பகல் வேறு மாதிரி இருக்கும். முதல் ஜெல் 40ஆம் நிமிடத்தில், அதன்பின் அரை மணிக்கு ஒன்று, கூடவே தண்ணீர். பசி வந்த பிறகு சாப்பிட்டால் பயனில்லை. வயிறு இதற்குப் பழகவும் சில வாரம் பிடிக்கும் என்பதால் ஆறாம் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

பந்தயத் தேதி முடிவானதும் 18 ஞாயிறுகளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். 'கொஞ்சம் ஓடிட்டு வந்துடறேன்' என்பதுதான் சண்டைக்கு வித்து. 'எட்டேகாலுக்கு வீட்டில் இருப்பேன்' என்றால் துணைக்குத் திட்டமிட ஒரு பிடி கிடைக்கும். எட்டேகால் என்று எழுதினால் எட்டேகாலுக்கு, 2 கி.மீ. மிச்சம் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். அதே அளவு நேரம் துணைக்கும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். கடைசி மூன்று வாரம் டேப்பர். ஓடும் தூரம் படிப்படியாகப் பாதிக்கும் கீழே இறங்கும். அப்படி மிஞ்சும் மணி நேரங்கள் வீட்டுக்குச் சேர வேண்டிய கடன்.

தூக்கம்

இந்த அட்டவணையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான், அதை மறைத்து எழுதினால் மதிப்பீடு என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான்கு நாளும் விடியற்காலையில் எழுவது என்றால் அந்த நேரம் எங்கிருந்தோ வர வேண்டும். பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் வருகிறது. எழும் நேரத்தை முன்னே தள்ளி, படுக்கும் நேரத்தை அப்படியே விட்டால் மூன்றாவது வாரத்தில் சரியும். ஒத்துவந்த விதி: ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் டெம்போ நாள் ஈஸி ஆகும், ஐந்துக்குக் குறைந்தால் ஓட்டமே இல்லை, அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கு. காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆகவே பிற்பகலில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கருவிகள்

வாட்சைப் பற்றி இரண்டே குறிப்பு. மணிக்கட்டில் ஒளியால் நாடி பார்க்கும் வாட்ச் சில சமயம் நாடிக்குப் பதில் காலடியை எண்ணிவிடும். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 172 என்று காட்டினால், அதே நேரத்தில் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை காலடி) எவ்வளவு என்று பாருங்கள். அதுவும் 172 என்றால் வாட்ச் ஏமாந்திருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் குறையும். நெஞ்சுப் பட்டை போட்டால் தீரும். மரங்களும் உயரக் கட்டடங்களும் உள்ள பாதையில் கணநேர வேகம் தாவித் தாவிக் காட்டும் என்பதால் திரையில் லாப் (வாட்ச் பிரித்துக் காட்டும் ஒவ்வொரு கிலோமீட்டர்) சராசரி வேகத்தை வைத்துக்கொள்வது மேல்.

ஷூ இரண்டு ஜோடி, மாற்றி மாற்றி. ஒன்றுக்கு 500 முதல் 800 கி.மீ. ஆயுள். பக்கவாட்டில் மிட்சோலில் (பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள மெத்தை) கிடைமட்டச் சுருக்கங்கள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் எழும்பாமல் கிடந்தால் அது முடிந்த கதை, அடிப்பாகம் தேயாவிட்டாலும்கூட. அந்த ஷூவிலேயே கடைக்கும் பள்ளிக்கும் நடப்பவர்களின் கணக்கு எப்போதும் தப்பும். வாட்ச் அந்தக் கிலோமீட்டர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிரெட்மில் சலிப்பூட்டும், ஆனால் தூங்கும் பிள்ளையைத் தனியே விட்டு வெளியே போக முடியாத நாளில் அது ஒன்றுதான் வழி. வீட்டு டிரெட்மில்லின் திரையில் தெரியும் வேகத்தை நம்ப வேண்டாம். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதன் முழு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 2.8 மீட்டர் என்றால் 50 சுற்று 140 மீட்டர். மணிக்கு 9.2 கி.மீ. வேகத்தில் அது 55 வினாடியில் முடிய வேண்டும். 58 வினாடி ஆனால் நிஜ வேகம் 8.7தான். ஆள் ஏறி ஓடும்போதே அளக்க வேண்டும், எடை ஏறினால் பெல்ட் தாமதிக்கும். போனில் வீடியோ எடுத்து எண்ணுவது சுலபம். கால் வைக்கும்போது பெல்ட் தயங்கினால் அடியில் எண்ணெய் வற்றியிருக்கலாம். பெல்ட்டை ஓரத்தில் தூக்கி, கையேடு சொல்லும் அளவு சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும், வேறு எண்ணெய் கூடாது. பெல்ட் வலப்பக்கம் நகர்ந்தால் பின்னுருளையின் வலது போல்ட்டைக் கால் சுற்று முறுக்கி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம். ஓடும் பெல்ட்டில் சிறு கை பட்டால் தோல் ஆழமாக உரிந்துவிடும்.

ஓட்டத்துக்கான ஸ்ட்ரோலர் பிள்ளையையும் ஓட்டத்தையும் ஒரே மணி நேரத்தில் சேர்க்கிறது. நீண்ட பயன்பாட்டில் இதுவே அதிகம் பிடித்த கருவி. சாதாரணத் தள்ளுவண்டி இதற்கு உதவாது. மூன்று பெரிய காற்றுச் சக்கரம், பூட்டக்கூடிய முன்சக்கரம், கைப்பட்டை, ஐந்து முனை இருக்கைப் பட்டை வேண்டும். பிள்ளைக்குக் கழுத்து நன்றாக நின்றபிறகுதான். தயாரிப்பாளர்கள் சொல்லும் குறைந்தபட்ச வயது பெரும்பாலும் 6 மாதமோ அதற்கு மேலோ. தொடங்கும் முன் குழந்தை மருத்துவரிடமும் கேட்டுவிட வேண்டும். ஓடும்போது முன்சக்கரம் பூட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிறு கல்லில் திரும்பி வண்டி கவிழும்.

வண்டி ஒரு பக்கமாக இழுப்பது எல்லா மாடல்களிலும் வரும் தொல்லை. முதலில் இரண்டு பின்சக்கரத்திலும் காற்று சமமா என்று பாருங்கள். பிறகு முன்சக்கரம் அதன் பள்ளத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கழற்றி மாட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், காலி வண்டியைச் சமதளத்தில் லேசாகத் தள்ளிவிட்டு ஐந்து மீட்டரில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, முன் அச்சில் உள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும். வாட்சைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். தள்ளும் கையை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் திருகும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஓடுபவரின் உடல் சூடு கிடையாது, ஒரு அடுக்கு உடை கூடுதலாக வேண்டும். வெயில் என்றால் கூண்டின் மேல் துணி போட்டு மூடக் கூடாது, உள்ளே வெப்பம் வேகமாக ஏறும். ஒரு மணி நேரம்தான் எல்லை. வியாழக்கிழமை ஓட்டத்தின் பாதிக்கு இது சரி, டெம்போவுக்கு ஒருபோதும் வேண்டாம்.

வலுப்பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்கினால் நடக்காது. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது: முழங்கால் நேராக 15, சற்று மடக்கி 15, பிறகு மறு கால். காலையும் இரவும் சேர்ந்து ஒவ்வொரு காலுக்கும் வாரத்துக்கு நானூறைத் தாண்டிவிடும்.

யாருக்கு ஒத்துவராது

மூன்றேகால் மணிக்குள் முடிக்க நினைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 55 கி.மீ. போதாது, ஐந்தாவது நாள் வேண்டும், அதற்கான நேரத்தை வீட்டில் பேசி வாங்க வேண்டும். இரவில் மூன்று முறை எழவைக்கும் கைக்குழந்தை உள்ளவர்கள் இப்போது தொடங்க வேண்டாம். வாரம் மூன்று நாள் 6 கி.மீ. ஓடி அடித்தளத்தைக் காத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு தொடங்குவது எளிது. நிற்காமல் 10 கி.மீ. ஓட முடியாதவர்கள் முதல் வாரத்தின் 14 கி.மீ. லாங் ரன்னிலேயே தடுமாறுவார்கள். எட்டு முதல் பத்து வாரம் நடையும் ஓட்டமும் கலந்து 10 கி.மீ. வரை வந்து, அதை மூன்று ஞாயிறு தொடர்ந்து வலியில்லாமல் முடித்த பிறகு இந்த அட்டவணையைக் கையில் எடுக்கலாம்.